பங்கு விலையில் துணி காயப்போட்ட வளவு

பாளையங்கோட்டையில் ஒரே வாசலுக்குள் ஆறு வீடும் ஒரு கிணறும் ஒரு துவைகல்லும் ஒரே ஒரு துணிக்கொடியும் இருந்த முருங்கைமரத்து வளவில், குதிரைவால் பனியன் கம்பெனியின் பங்கு விலை செண்பகவடிவின் கம்ப்யூட்டரிலிருந்து நெளிந்து இறங்கி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே வந்து, முற்றத்தைக் கடந்துபோய் முருங்கைக் கிளையில் சுற்றிக்கொண்ட அன்று காலையில்தான் பழைய நைலான் கொடியும் அறுந்து துணியெல்லாம் சேற்றில் கிடந்தது என்பதால், ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. இட்லி மாவு விற்கிற இசக்கியம்மாள் வாளியோடு வந்தாள், புதுக் கொடியை இழுத்துப் பார்த்தாள், அது பச்சையாக மினுங்குவதைக் கண்டு விரலால் தேய்த்து முகர்ந்தாள், பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“டீச்சரம்மா, இது சாயம் போவுமா?”

“தெரியலையே அக்கா. பங்கு விலை இது. ஏறுனா பச்சை, இறங்குனா சிவப்பு.”

“வெயிட்டு தாங்கும்லா?”

“அதுவும் தெரியலை.”

“படிச்சவங்களக் கேட்டா இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் ஏழு பேர் குடும்பத்துத் துணியை வரிசையாகப் போட்டாள். கொடி தாங்கியது.

செண்பகவடிவு டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மண்புழுவில் டாக்டர். தாமிரபரணிக் கரை வயல்களில் குனிந்து குனிந்து புழு எண்ணி, எந்த ஈரத்தில் எத்தனை வரும், எந்த உரத்தில் எத்தனை சாகும், நாளைக்கு மழை பெய்தால் எத்தனை மேலே வரும் என்று கணக்குப் போட்டுப் பட்டம் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் விலங்கியலில் சேர்ந்தது ஒரே ஒரு பையன், அவனும் தவளையைப் பார்த்த மறுநாள் பி.காமுக்கு ஓடிப்போனான், கல்லூரி துறையையே இழுத்து மூடிவிட்டது. நாற்பத்தொரு வயதில் வேலை தேடப் போனவளிடம் போன இடமெல்லாம் வயதைக் கேட்டார்கள், வயதைச் சொன்னதும் காபி மட்டும் கொடுத்தார்கள். கடைசியில் ஓசூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் வேலைதான் கிடைப்பதாக இருந்தது. கணவன் நயினாருக்கு ஜங்ஷனில் கிரைண்டர் ரிப்பேர் கடை, அதைத் தூக்கிக்கொண்டு ஓசூர் போக முடியாது. அவள் மட்டும்தான் போக வேண்டும், போனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் புருஷன் முகம். அது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை, அவனுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவள் குவாண்ட் ஆவது என்று முடிவு செய்தாள். குவாண்ட் என்றால், பங்கு விலை நாளைக்கு எங்கே போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற ஆள். புழு எங்கே போகும் என்று பன்னிரண்டு வருடம் சொன்னவளுக்கு விலை எங்கே போகும் என்று சொல்வதா பெரிய விஷயம் என்று நயினார் சொன்னான், சொன்ன கையோடு கடைக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான். அவள் ராப்பகலாகப் படித்தாள். மும்பையில் ஒரு கம்பெனி வீடியோவில் பேட்டி எடுத்து, “வீட்டிலிருந்தே செய்யுங்கள், கார்த்திகை பிறப்பதற்குள் உங்கள் கணிப்பு பலித்தால் நிரந்தரம், பலிக்காவிட்டால் வணக்கம்” என்று சொல்லி, சந்தையில் யாரும் சீந்தாத குதிரைவால் பனியன் கம்பெனியின் பங்கை அவள் தலையில் கட்டியது.

இந்த வேலை இன்னதென்று வளவுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வட்டிக்கு விடுகிறாளா என்றார்கள், சீட்டு நடத்துகிறாளா என்றார்கள், கிளி ஜோசியம் மாதிரியா என்றார்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பால்பாண்டிதான் ஒருவழியாக விளக்கினார். “அடுத்த ஸ்டாப்புல எத்தனை பேரு ஏறுவான், எத்தனை பேரு இறங்குவான்னு பஸ்ஸு போய்ச் சேருமுன்ன சொல்லணும். அவ்வளவுதான். நான் முப்பது வருசம் சொன்னேன், எனக்கு எவன் டாக்டர் பட்டம் குடுத்தான்?” அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

கொடி வந்தபிறகு கேட்க வேறு விஷயங்கள் வந்துவிட்டன. அது சந்தை திறக்கிற ஒன்பதேகாலுக்கு நெளிந்து எழும், மூன்றரைக்கு அடங்கும், இடைப்பட்ட நேரத்தில் ஏறும் இறங்கும், ஏறினால் பாவாடை மொட்டை மாடிக்குப் போகும், இறங்கினால் கால்சட்டை சேற்றைத் தொடும். அதனால் பால்பாண்டி தன் பழைய விசிலைத் தேடி எடுத்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், கொடி ஏறினால் இரண்டு விசில், இறங்கினால் ஒரு விசில், ஒரு விசில் கேட்டதும் வீட்டுக்கு ஒருவர் ஓடிவந்து அவரவர் துணியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இரண்டு விசில் கேட்டால் திரும்பப் போய்க் குழம்பைக் கிளறலாம். சிவப்பு நாளில் சிவப்பும் பச்சை நாளில் பச்சையுமாகச் சாயம் போகத்தான் செய்தது. நர்ஸ் எஸ்தரின் வெள்ளை யூனிபார்மில் ரோஸ் கோடு விழுந்து, ஆஸ்பத்திரியில் அவளை வேறு வார்டு நர்ஸ் என்று நினைத்து வேறு வார்டில் ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டார்கள். பால்பாண்டியின் வேட்டியில் விழுந்த கோட்டுக்கோ தெருமுனை டீக்கடையில் மரியாதை கூடியது. “அண்ணாச்சி, கொஞ்சம் திரும்புங்க” என்று சொல்லி, பின்பக்கம் சிவப்பா பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே இரண்டு பேர் பங்கு வாங்கினார்கள்.

சனியும் ஞாயிறும் சந்தை மூடியிருக்கும், கொடி அசையாமல் சமர்த்தாகக் கிடக்கும். ஆகவே அந்த இரண்டு நாளுக்கும் அடிபிடி வந்தது. வளவில் கொடிக்கு முறை உண்டு, இன்ன நாள் இன்ன வீடு என்று. அந்த முறையைக் கட்டி ஆள்வது இசக்கியம்மாள். இப்போது அவள் எல்லாரையும் கிணற்றடியில் கூப்பிட்டு முறையைப் புதிதாகப் பிரித்தாள், பிரிக்கும்போது, பழைய முறையிலும் சேர்க்காத செண்பகவடிவின் வீட்டை இப்போதும் விட்டுவிட்டாள்.

“கொடியே டீச்சர் வீட்டுக்குள்ள இருந்துதான் வருது. அவங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு முறை? எப்ப வேணாலும் போட்டுக்கிடலாம்லா?”

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்றால் எப்போதும் இடமில்லை என்று அர்த்தம். எந்த நாள் போனாலும் அங்கே யாரோ ஒருவருடைய பாவாடை தொங்கியது. நயினாரின் சட்டைகள் நாற்காலி முதுகிலும் மின்விசிறியின் கீழும் கிடந்து, காயாமல் காய்ந்து, ஒருவித புழுங்கல் வாடையோடு கிரைண்டர் கடைக்குப் போய்வந்தன. “டீச்சரம்மா” என்ற மரியாதைக்குள் ஒரு வேலி இருந்தது. இரண்டு வருடமாக அந்த வளவில் இருக்கிறாள், ஒரு கிண்ணம் சாம்பார் கேட்டு யாரும் அவள் கதவைத் தட்டியதில்லை. அது அவளுக்கு வலித்தது, பூந்தொட்டி மண்ணில் இருந்த புழுவைத் தவிர யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

கணிப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, செவ்வாய்க்கிழமையைத் தவிர. மற்ற நாளெல்லாம் அவள் சொன்ன இடத்தில் விலை போய் நின்றது, செவ்வாய் மட்டும் தொப்பென்று விழுந்தது. உலகச் செய்தியெல்லாம் படித்தாள், பருத்தி விலை பார்த்தாள், அமாவாசைகூடப் பார்த்தாள். ஒரு செவ்வாயன்று தலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அன்று முறை உள்ள இசக்கியம்மாள் நனைந்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துக் கொடியில் வீசினாள், கொடி தொய்ந்தது, பால்பாண்டி ஒரு விசில் ஊதினார், திரையில் குதிரைவால் சிவந்து இறங்கியது. இசக்கியம்மாள் எதற்கோ ஜமுக்காளத்தை எடுத்தாள், விலை ஏறியது. மறுபடி போட்டாள், இறங்கியது. விலை ஏறுவதால் துணி ஏறியது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், துணி கனப்பதால் விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. செண்பகவடிவுக்கு ஒரு புது இனப் புழுவைக் கண்ட சந்தோஷம் வந்தது. அன்றே தன் கணக்கில் ஈரத்துணியைச் சேர்த்தாள், யார் முறை என்றைக்கு என்று சேர்த்தாள், அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மும்பையில் அவளுக்கு மேலாளர் ஸ்ரீவத்ஸன், மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். “மேடம், பிரமாதம். உங்க கணக்கில் எங்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் எதையோ கழிக்கிறீங்களே, அது என்ன?”

“இசக்கியம்மாள்” என்றாள் அவள், பொய் சொல்லத் தெரியாமல்.

அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த மீட்டிங்கில் திரையில் இசக்கியம்மாள் என்று கொட்டை எழுத்தில் வந்தது, அமெரிக்காவில் படித்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இசக்கியம்மாள் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்குமா?” என்று கேட்டார்.

“பங்குனில கொஞ்சம் கோவம் வரும். மாவு புளிச்சிரும்லா” என்றாள் செண்பகவடிவு. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது, முருங்கை இலையெல்லாம் உதிர்ந்தது, யாரும் துணி போடவில்லை, பாரமில்லாத கொடி ஈரத்தில் புழு மாதிரி குஷியாக நெளிந்து நாளுக்கு நாள் ஏறியது. செண்பகவடிவு கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை எஸ்தர் முறை, எஸ்தருக்கு இரண்டே யூனிபார்ம், பாரம் குறைவு, ஆகவே வெள்ளிக்கிழமை விலை எகிறும். ஸ்ரீவத்ஸன் திரையில் வந்தார். “மேடம், உங்க பேச்சை நம்பிப் பெரிய தொகை போட்டிருக்காங்க. சரியா வந்தா திங்கட்கிழமை உங்க நிரந்தர வேலைக்கு ஆர்டர். வரலேன்னா என் வேலையும் போகும், பரவாயில்லை, எனக்கு ஊறுகாய் போடத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. ஒன்பது மணிக்குச் செண்பகவடிவு கதவைத் திறந்தால், முற்றத்தில் ஐந்து வீட்டு வாளியும் ஐந்து வீட்டு அண்டாவும், ஒரு வாரத்து அழுக்கு முழுவதும் அலசிப் பிழிந்து மலை மலையாக நிற்கிறது.

“இன்னைக்கு எஸ்தர் முறைதானே அக்கா?”

“மழையில போன முறையெல்லாம் மழை விட்ட அன்னைக்கு மொத்தமாத் திரும்பி வரும்லா டீச்சரம்மா. இது எப்பவும் உள்ளதுதானே” என்றாள் இசக்கியம்மாள், ஜமுக்காளத்தை உதறிக்கொண்டே.

“எனக்குத் தெரியாதே!”

“முறை இருந்தாத்தானே தெரியும்” என்று பால்பாண்டி வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்னதும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எஸ்தர் தரையைப் பார்த்தாள். இசக்கியம்மாள்கூட ஜமுக்காளத்தை உதறுவதை நிறுத்தினாள்.

செண்பகவடிவு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஓசூரைச் சொன்னாள், ஹாஸ்டலைச் சொன்னாள், காபி கொடுத்து அனுப்பினவர்களை எல்லாம் சொன்னாள். “இன்னைக்கு இதுல துணி விழுந்தா என் வேலை போச்சு அக்கா. எனக்கு இந்த வேலை வேணும். இந்த வேலை பிடிச்சிருக்கு. இத விட்டா நான் போகணும், அவர் இங்க, நான் அங்க.”

இசக்கியம்மாள் ஜமுக்காளத்தை அண்டாவிலேயே திரும்பப் போட்டாள். “நீ போனா கொடியும் போயிருமா?”

“கம்ப்யூட்டரோட போயிரும்.”

“அது கெடக்கட்டும், கொடி வாங்கிக்கிடலாம். நயினாருக்கு யாரு சோறு பொங்கிப் போடுவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், இசக்கியம்மாள் முற்றத்து நடுவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்று, இரண்டு கையையும் அகல நீட்டினாள். “எஸ்தரு, அந்த ஜமுக்காளத்த எடுத்து எம் மேல போடு.”

எஸ்தர் போட்டாள். “அக்கா, கை வலிக்குமே.”

“மாவாட்டுன கையி. நீ போய் உன் துணிய எடுத்துட்டு வா.”

அப்புறம் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எஸ்தர் ஒரு கையில் ஒரு யூனிபார்மும் மறுகையில் ஒரு யூனிபார்முமாக நின்றாள். பால்பாண்டி தன் மனைவியின் சேலைகளை நீட்டிய இரண்டு கையிலும் போட்டுக்கொண்டு வாயில் விசிலோடு நின்றார். இசக்கியம்மாளின் குடும்பம் உயர வரிசையில் நின்றது. மணியார்டர் கொடுக்க வந்த தபால்காரர் என்ன ஏது என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னதும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார். கிரைண்டர் கல்லைப் பாதியில் விட்டு ஓடிவந்த நயினார், தன் வீட்டுத் துணி ஒன்றுகூட அதில் இல்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அடுத்தவன் வீட்டு மெத்தை உறையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றான். ஒன்பதேகாலுக்குக் கொடி கண்விழித்து, இத்தனை ஈரத்துக்கு நடுவில் தன்மேல் ஒரு கோவணத்துண்டுகூட இல்லை என்று அறிந்து, முதலில் தயங்கி, பிறகு மெல்ல நெளிந்து, மொட்டை மாடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, முருங்கைக் கிளையையும் வளைத்து இழுத்துக்கொண்டு, சர்ச் கோபுரத்துக்கு மேலே பச்சைப் பசேலென்று போயிற்று. பால்பாண்டி மூச்சு முட்ட இரண்டு இரண்டாக ஊதினார்.

யாருக்கும் கையை மடக்க முடியாது. ஆகவே செண்பகவடிவு திரைக்கும் முற்றத்துக்குமாக ஓடினாள், விலையைப் பார்த்தாள், வந்து தபால்காரர் மூக்கைச் சொறிந்துவிட்டாள், விலையைப் பார்த்தாள், எஸ்தருக்கு மோர் ஊட்டினாள், விலையைப் பார்த்தாள், பால்பாண்டியின் காதில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். இசக்கியம்மாளின் வாயில் இட்லியைப் பிட்டு வைத்தபோது அவள் மென்றுகொண்டே, “ஏட்டி, சட்னில உப்பே இல்ல” என்றாள். இரண்டு வருடத்தில் முதன்முதலாக டீச்சரம்மாவுக்குப் பதில் வந்த அந்த ஏட்டியைக் கேட்டதும் செண்பகவடிவுக்கு மறுபடி கண் நிறைந்தது, ஓடிப்போய் உப்பு போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றரைக்கு நீளமாக ஒரு விசில் கேட்டது. துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. பால்பாண்டியின் கைகள் மட்டும் இறங்க மறுத்தன, அப்படியே பக்கவாட்டில் திரும்பித்தான் வீட்டுக்குள் போனார். திங்கட்கிழமை மும்பையிலிருந்து ஆர்டர் வந்தது, வளவு முழுக்க அல்வா வந்தது, ஸ்ரீவத்ஸன் ஊறுகாய் போட வேண்டியிராமல் பிழைத்தார்.

ஆனால் கொடி கோபுரத்து உயரத்திலேயே நின்றுவிட்டது. செண்பகவடிவு புது நைலான் கயிறு வாங்கிக் கட்டினாள். மரியாதைக்காக அதில் துணி போட்டார்கள், ஆனால் அது ஏறவில்லை, இறங்கவில்லை, சும்மா கிடந்தது. பால்பாண்டி விசிலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். டீக்கடையில் யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. கழுத்து வலிக்க எல்லாரும் மேலேயே பார்த்தார்கள். கடைசியில் இசக்கியம்மாள் ஜன்னலுக்கு வந்தாள்.

“ஏட்டி வடிவு. ஆர்டர் வந்துட்டுல்லா. இனியாவது கொஞ்சம் நட்டப்படக் கூடாதா?”

“எட்டாதே அக்கா. முற்றத்துல எங்க நின்னாலும் எட்டாது.”

“உன் ஜன்னல்கிட்ட எட்டும்.”

ஆமாம். கம்பியைவிட்டு வெளியே வருகிற இடத்தில் மட்டும் கொடி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அங்கே முதலில் பாரம் விழுந்தால் மற்றதெல்லாம் தானாகத் தாழும். அந்த இடத்தில் துணி போடக்கூடியது ஒரே ஒரு வீடுதான்.

“நாளைக்கு உன் முறை. இனி எல்லா வாரமும் அந்த நாள் உனக்குத்தான். பிழியாமப் போடு” என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் மாவு விற்கப் போனாள்.

அன்று மாலை செண்பகவடிவு மறுநாள் கணிப்பை மும்பைக்கு அனுப்பினாள். உடனே ஸ்ரீவத்ஸன் திரையில் வந்துவிட்டார். “என்ன மேடம், இறங்கும்னு போட்டிருக்கீங்க? ஊரே ஏறும்னு சொல்லுது. என்ன காரணம்?”

கொல்லைப்புறத்தில் நயினார் நாற்காலி முதுகில் கிடந்த சட்டை அத்தனையையும் பெரிய அண்டாவில் முக்கிக்கொண்டிருந்தான், முக்கிக்கொண்டே விசிலடித்தான். அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் பதில் சொன்னாள்.

“நாளைக்கு எங்க வீட்டு முறை.”